நான் அனுப்பிய நில் ரிப்போர்ட்

ராணுவத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, முதல் யூனிட்டுக்கு இப்போதுதான் போயிருக்கும் உங்களில் இரண்டு மூன்று பேர், புதுக்கோட்டையில் நடந்த முன்னாள் படைவீரர் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "பிரமோஷன் விதி மேலேருந்து மாறி வருது. பட்டியலும் மேலேதான் முடிவாகுது. நடுவுல டைப் அடிக்கிற நம்ம கையில என்னங்க இருக்கு?" அதற்குள் சாப்பாட்டு வரிசை நகர்ந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் கையில் என்ன இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரே ஒரு தாள். அதில் பதில் என்று இருந்தது ஒரே ஒரு சொல். அதை அடித்தவன் நான்.

நான் ஆவூர்க்காரன். பிளஸ் டூ முடித்த கையோடு ஆள்சேர்ப்பு முகாமில் போய் நின்றேன். கொஞ்சம் இங்கிலீஷ் வந்ததால் கிளார்க் ஆனேன். சுபேதாராக ஓய்வு பெற்று இப்போது அறந்தாங்கியில் இருக்கிறேன். தெருவில் என்னை "ஆர்மில துப்பாக்கி புடிச்சவரு" என்று சொல்வார்கள். நான் துப்பாக்கியைவிட அதிகம் பிடித்தது ஸ்டேப்ளரைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் வீட்டில் உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிப்பாயாகச் சேர்ந்தவர் படிப்படியாக ஹவில்தார் ஆகிறார். அதற்கு அடுத்தது நாயப் சுபேதார். அங்கே போனால் தோளில் நட்சத்திரம் வரும், இன்னும் சில வருடம் பணியில் இருக்கலாம், எல்லாரும் 'சாப்' என்று அழைப்பார்கள். போகாதவர் தன் சர்வீஸ் காலம் முடிந்ததும் ஹவில்தாராகவே ஊருக்குத் திரும்ப வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர், இத்தனை வருடம் உழைத்தது எதில் போய் முடிகிறது என்று பார்க்கிற இடம் அது. அந்தப் பட்டியல் வரும் நாளில் யூனிட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் ஹவில்தார் கிளார்க்காக இருந்த சமயம், எங்கள் யூனிட் மலைப் பகுதியிலிருந்து பாலைவனப் பகுதிக்கு மாறிக்கொண்டிருந்தது. அலுவலகம் முழுவதும் இரும்புப் பெட்டிகள். எந்த ஃபைல் எந்தப் பெட்டியில் போனது என்று எனக்கே தெரியாத நிலை. எங்கள் ஹெட் கிளார்க் சாப் லீவில் இருந்தார். அன்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாயப் சுபேதார் பதவி உயர்வுக்கு விதி மாறப்போகிறது. இனிமேல் மேலதிகாரி வருடந்தோறும் எழுதும் ரிப்போர்ட்டுகளில், கடைசி ஐந்தில் குறைந்தது மூன்று, ஆட்களை நேரடியாக நடத்திய பொறுப்பில் இருந்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று முதல் பக்கம் சொன்னது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி. தங்கள் விருப்பத்தால் அல்லாமல், யூனிட்டின் தேவைக்காக வேறு வேலையில் வைக்கப்பட்டு, இந்த மாற்றத்தால் பாதிக்கப்படக்கூடியவர்கள் இருந்தால் பெயர்களை இன்று மாலைக்குள் அனுப்பவும். அவர்களுக்கு விலக்கு தரப்படும்.

நான் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். யூனிட்டின் நான்கு பிரிவுகளான கம்பெனிகளின் கிளார்க்குகளுக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவன் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். இன்னொருவன், "அப்படி யாரும் இருக்குற மாதிரி தெரியலையே" என்றான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பதிலில் 'நில்' என்று அடித்தேன். நம் அலுவலக மொழியில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டு, அறுபது எழுபது தாள்களுக்கு நடுவே கமாண்டிங் ஆபீசரிடம் வைத்தேன். அவர் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். தாள் போய்விட்டது. பெட்டியை மூடினேன்.

புதிய விதி அமலுக்கு வந்தது. அதன்படி முதல் பட்டியல் வந்தது. சில பெயர்கள் இருந்தன, சில இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. விதி மாறினால் அப்படித்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது பட்டியல் வந்தது. அன்று மத்தியானம் ஹவில்தார் ஷாகுல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

ஷாகுல் கட்டுமாவடிக்காரர். அப்பாவும் அண்ணன்களும் படகில் போகிறவர்கள். எனக்கு நான்கு வருடம் சீனியர். மலையில் எங்கள் வண்டி ஒன்று பள்ளத்தில் உருண்டு ஆறு பேர் பலத்த காயத்தோடு ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது, அவர்களோடு இருந்து பார்த்துக்கொள்ள அப்போதைய கமாண்டிங் ஆபீசர் இவரைத்தான் அனுப்பினார். பொறுமையான மனிதர் என்பதுதான் காரணம். ஒரு மாதம் என்று சொல்லி அனுப்பியது மூன்று வருடம் ஆனது. ஒருவனுக்கு இரண்டு காலும் போயிருந்தது. அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, திரும்பச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் இவர் யூனிட்டுக்குத் திரும்பினார்.

"அருளப்பா, பட்டியல்ல நம்ம பேரு இல்ல," என்றார்.

"விதி மாறிடுச்சுண்ணே. ஆளுங்கள நேரடியா நடத்துன ரிப்போர்ட் மூணு வேணும். ஒங்களுக்கு ரெண்டுதான் இருக்கு."

"ஆஸ்பத்திரில இருந்த மூணு வருசம்?"

"அது வேற வேலைல வருது."

"ஆறு பேருக்குச் சோறு ஊட்டி, மலம் அள்ளி, அவுங்க பெண்டாட்டிமாருக்குப் போன்ல தைரியம் சொன்னேன். ஆளுங்கள நடத்துறதுன்னா வேற என்னமோ போலருக்கு," என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. "சரிப்பா, வாரேன்," என்று போய்விட்டார்.

அவர் போனதும் விதிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். யூனிட்டின் தேவைக்காக வேறு வேலையில் வைக்கப்பட்டவர்களுக்கு, முன்பே பெயர் அனுப்பப்பட்டிருந்தால் விலக்கு உண்டு என்று அதில் இருந்தது. முன்பே அனுப்பப்பட்டிருந்தால். பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். 'நில்'. பக்கத்தில் என் இனிஷியல்.

உங்களுக்கு எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்வதாக இருந்தால் இதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் நான் அந்த ஃபைலை என் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன். என்னுடைய நாயப் சுபேதார் உயர்வு அந்த வருடக் கடைசியில் வரவேண்டியது. கிளார்க்குகளுக்குத் தனிப் பட்டியல். அதில் நான்தான் அடுத்த ஆள். ஊரில் அம்மா ஆவூர்க் கோயிலில் பூசைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். பக்கத்து மேஜை நண்பன் ஒருவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன் நல்லவன்தான். "ஷாகுலத் தனியா ஒரு மனு போடச் சொல்லு. அது போற வழில போகட்டும். ஒன் தாள ஏன் நீயே தூக்கிக் காட்டணும்?" என்றான். அந்த மனு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். யூனிட்டே பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டதே என்று ஒரே வரியில் திரும்பி வரும். தெரிந்தும், மனு எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதும்போது ஷாகுல் ஜன்னலுக்கு வெளியே அணிவகுப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பெயர் இல்லாத மனிதர், பெயர் வந்தவரைப் போலவே கத்திக்கொண்டிருந்தார். என்னால் அடுத்த வரி எழுத முடியவில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க் சாப் முன்னால் போய் நின்றேன்.

அவரைப் பற்றி யூனிட்டில் கதைகள் உண்டு. அதிகம் பேசமாட்டார். எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். அவர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை பேரு?"

"ஷாகுல் ஒருத்தர் சாப்."

"நான் கேட்டது ஒனக்குத் தெரிஞ்சவங்க எத்தனை பேருன்னு இல்ல. இந்தத் தாள்ல எத்தனை பேரு போனாங்க?"

நான் தாளைப் பார்த்தேன். அதில் 'நில்' மட்டும்தான் இருந்தது.

"அவன் ஒன் மாவட்டத்துக்காரன். அவனுக்காக நீ எழுதுனா, ஊர்க்காரனுக்காக எழுதுனேன்னுதான் ஆகும். அவனுக்கும் அது நல்லதில்ல. ஒனக்காக எழுதுனா, மனசாட்சிக்கு மருந்து போட்டுக்கிட்டேன்னு ஆகும். தாள் தப்பு. தாளத் திருத்து. எல்லா ஹவில்தார் ஃபைலையும் எடு."

அவரே உட்கார்ந்தார். மூன்று நாள், பகல் முழுவதும், ஒவ்வொரு ஃபைலாக இருவரும் பார்த்தோம். மூன்று பெயர்கள் கிடைத்தன. ஷாகுல். சித்தூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர், பயிற்சி மையத்தார் கேட்டு வாங்கிக்கொண்டதால் நான்கு வருடம் அங்கே இருந்தவர். மூன்றாவது ஃபைலைத் திறந்ததும் நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். சின்னையா.

சின்னையா ஆவுடையார்கோவில் பக்கம். யூனிட் மலைக்குப் போனபோது, கீழே விட்டுவிட்டுப் போன ஆயுதக் கிடங்கையும் குடும்பக் குடியிருப்புகளையும் காவல் காக்க வைக்கப்பட்டவர். நானும் மேலே வருகிறேன் என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தார். மூன்று தாளும் ஃபைலில் இருந்தன. 'இவரைப் போல் நம்பகமானவர் வேறு இல்லை என்பதால் அனுமதிக்க இயலாது' என்று மூன்றிலும் ஒரே பதில். முதல் பட்டியலில் விடுபட்டவர். அடுத்த பட்டியல் வருவதற்குள் சர்வீஸ் காலம் முடிந்து, இரண்டு மாதம் முன்புதான் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய விடுவிப்புத் தாள்களை அடித்ததும் நான்தான். பிரிவு விழாவில் அவர் கழுத்தில் மாலை போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஹெட் கிளார்க் சாப் அந்த நில் ரிப்போர்ட்டை எடுத்து, என் இனிஷியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் தன் இனிஷியலையும் எழுதினார். "நீங்க லீவுல இருந்தீங்க சாப்," என்றேன். "லீவுல போறப்ப, சந்தேகம் வந்தா எனக்குப் போன் பண்ணுன்னு ஒனக்குச் சொல்லாமப் போனேன். அது என் பங்கு," என்றார். அந்த மனிதருக்கு இன்றுவரை நான் சரியாக நன்றி சொன்னதில்லை. சொல்ல முயன்றபோதெல்லாம் வேறு ஃபைல் கேட்டுவிடுவார்.

கமாண்டிங் ஆபீசரிடம் போவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. சித்தூர்க்காரரின் முறை அடுத்த பட்டியலில்தான் வரும், ஆனால் ஷாகுல் இந்தப் பட்டியலில் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். கடைசி இடத்தில் இருந்தவர் ராகவன், பாலக்காட்டுக்காரர். எங்கள் யூனிட்டில் வளர்ந்த தமிழ் பேசுவார். "கடிதம் போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட நீ போய்ச் சொல்லு," என்றார் ஹெட் கிளார்க் சாப்.

"நான் என்னன்னு சொல்றது சாப்?"

"நடந்தத."

ராகவன் அப்போது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பட்டியலில் பெயர் வந்ததை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார், மனைவி அக்கம்பக்கம் முழுவதும் சொல்லிவிட்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எனக்குத் தகுதி இல்லையா?"

"இருக்கு."

"விதிப்படி வந்தேனா இல்லையா?"

"விதிப்படிதான் வந்தீங்க."

"அப்ப நீ பண்ணுன தப்புக்கு நான் எதுக்கு எறங்கணும்?"

விதி மாறும்போது யாருக்காவது இடிக்கும். அந்த இடியை யார் தாங்குவது என்பதை எழுதியவர்கள் ஒரு மாதிரி யோசித்திருப்பார்கள். ஆனால் நம் மேஜையில் நடக்கிற ஒரு கவனக்குறைவு, அதை வேறு யார் தலையிலோ கொண்டுபோய் வைத்துவிடுகிறது. "தெரியலண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் ராகவனே அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த ரெண்டு காலும் போன பையன், என் செக்‌ஷன் ஆளு," என்றார். "ஷாகுல் அங்க போனதாலதான் அவர் நடத்துன செக்‌ஷன எனக்குக் குடுத்தாங்க. அந்த மூணு வருச ரிப்போர்ட்லதான் நான் இப்ப பட்டியல்ல இருக்கேன். ராத்திரி பூரா யோசிச்சேன். எழுது. ஆனா என் பேரையும் எழுது. தப்பே பண்ணாத ஒருத்தன் எறங்குறான்னு எழுது. அத மறைச்சு எழுதுனா நான் சும்மா இருக்க மாட்டேன்."

என்னை அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் அந்தக் கடிதம் முழுமையான கடிதம் ஆனது. பாதிக்கப்பட்ட மூன்று பேருக்கு விலக்கு கேட்டோம். அதனால் இடம் இழக்கும் நான்காவது மனிதருக்கு, அடுத்து வரும் காலியிடத்தை ஒதுக்கும்படியும் கேட்டோம்.

கமாண்டிங் ஆபீசர் புதியவர். நில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் எல்லாத் தாள்களையும் படித்துவிட்டு என்னைக் கேட்டார், "நீ இதைக் கொண்டு வராமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார்."

"ஒரு யூனிட் தன் தவறைத் தானே எழுதி மேலே அனுப்பினால், கமாண்டிங் ஆபீசரைப் பற்றியும் கேள்வி வரும். தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமலே சொன்னார்: "கடிதம் போகும். உனக்குத் தண்டனையும் உண்டு. தானாக வந்து சொன்னதால் தண்டனை வேண்டாம் என்று விட்டால், நாளைக்குப் பத்துப் பேர் தவறு செய்துவிட்டுத் தானாக வருவார்கள். தண்டனை கொடுத்ததால் கடிதத்தை நிறுத்தினால், ஒருவரும் வரமாட்டார்கள். நான் இரண்டையும் கலக்கப் போவதில்லை." என் சர்வீஸ் ரெக்கார்டில் கண்டிப்பு ஏறியது. என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. அப்போது வலித்தது. இப்போது யோசித்தால், அந்தத் தண்டனை இல்லாமல் போயிருந்தால் ராகவன் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று தோன்றுகிறது.

பதில் வர நான்கு மாதம் ஆனது. ஷாகுலுக்கும் சித்தூர்க்காரருக்கும் விலக்கு கிடைத்தது. இருவருமே அவரவர் முறையில் நாயப் சுபேதார் ஆனார்கள். ராகவன் இறங்கினார், ஆனால் அடுத்த ஓய்வில் விழுந்த காலியிடத்தில் ஏறிவிட்டார். நட்சத்திரம் வைத்த அன்று ஷாகுல் நேராக ராகவன் அறைக்குத்தான் போனார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சின்னையா விஷயத்தில் மட்டும், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரை மறுபடி பரிசீலிக்க வழியில்லை என்று பதில் வந்தது. கமாண்டிங் ஆபீசர் இரண்டாம் முறை எழுதினார். இரண்டாம் முறையும் அதே பதில்.

"தபால்ல தெரிவிச்சுடலாமா சாப்?" என்று ஹெட் கிளார்க் சாப்பிடம் கேட்டேன். அவர் என் லீவு ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

அறந்தாங்கியில் பஸ் ஏறி ஆவுடையார்கோவிலில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் கிராமம். சின்னையா வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முதுகில் டேங்க். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அட, அருளப்பனா! இங்கிட்டு எங்க? வாங்க வாங்க," என்று டேங்கை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த மலர்ச்சிதான் என்னை மிகவும் கஷ்டப்படுத்தியது. அவர் மனைவி காபி போட உள்ளே போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், நில், இனிஷியல், இரண்டு முறை எழுதியது, இரண்டு முறை வந்த பதில்.

சின்னையாவின் மனைவிதான் முதலில் பேசினார்.

"ஊர்ல கேக்காத ஆளு இல்லைங்க. இத்தன வருசம் இருந்தாரே, ஏன் சுபேதார் ஆகல, என்ன தப்பு பண்ணுனாருன்னு. என் அண்ணனே கேட்டுச்சு. குடிப்பாரோன்னு கேட்டாங்க. கைல ஒரு பீடி புடிச்சவரு இல்ல இவரு. ஒங்களுக்கு அது ஒரு எழுத்துங்க. எங்களுக்கு அது என்னன்னு தெரியுமாங்க?"

"தெரியுதுக்கா," என்றேன். தெரிந்தது என்று சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

"விடு," என்றார் சின்னையா மனைவியிடம். என்னிடம், "கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

"போகலாம்ணே. என் வாக்குமூலத்த எழுதித் தாரேன். எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்றேன்."

"வேணாம். எத்தன வருசம் நடக்கணுமோ. எனக்கு ஒன்னு செய்ய முடியுமா? சின்னையா தகுதி இல்லாம ஊருக்கு வரல, தப்பு பண்ணி வரலன்னு ஒரு தாள். ஆபீசர் கையெழுத்தோட. அது இருந்தாப் போதும்," என்றார்.

கமாண்டிங் ஆபீசர் அந்தத் தாளை என்னை டைப் அடிக்க விடவில்லை. தன் லெட்டர்பேடில் தானே பேனாவால் எழுதினார். யூனிட்டின் நம்பிக்கைக்குரியவராக இருந்ததாலேயே சின்னையாவை விருப்பத்துக்கு மாறாக ஓரிடத்தில் வைத்திருந்தோம். மேலே வர மூன்று முறை அனுமதி கேட்டார். அவர் பதவி உயர்வு பெறாமல் போனது யூனிட்டின் தவறு, அவருடையது அல்ல. இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி ஹெட் கிளார்க் சாப்பிடம் கொடுத்தார். ரப்பர் ஸ்டாம்பை நான் வைத்தேன்.

அடுத்த லீவில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்னையா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். தமிழ்ப் பகுதியை முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்தார். 'அவருடையது அல்ல' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி அந்த வரியைப் படித்தார். அந்த அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் வர்றப்ப இத ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க," என்றார்.

கிளம்பும்போது ஆட்டோ வரும் இடம் வரைக்கும் சின்னையா கூட வந்தார்.

"ஆமா, ஒங்க பிரமோஷன் என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஒரு வருசம் தள்ளிப் போச்சுண்ணே."

"இதுனாலயா?"

தலையாட்டினேன்.

"வரும்," என்றார். "வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க."

நீங்கள் கேட்டீர்களே, நம் கையில் என்ன இருக்கிறது என்று. விதியை நாம் எழுதுவதில்லை. யார் ஏறுவது என்று நாம் முடிவு செய்வதில்லை. ஆனால் விதி மாறுகிற ஒவ்வொரு தடவையும், யாருக்காவது வலிக்குமா என்று யாரோ ஒருவர் கேட்கிறார், அந்தக் கேள்வி ஒரு கிளார்க்கின் மேஜைக்குத்தான் வருகிறது. அதற்குப் பதில் எழுதும் முன் போன் எடுக்காத இரண்டு பேரையும் தேடிப் போய்க் கேளுங்கள். நான் தேடிப் போகாத அந்தத் தூரம் மொத்தம் நானூறு அடி இருக்கும். அதன் பிறகும் தவறு நடந்துவிட்டால், தாளை டிராயரில் வைத்துப் பூட்டாதீர்கள். எனக்குக் கிடைத்த ஹெட் கிளார்க்கும், கமாண்டிங் ஆபீசரும், ராகவனும் உங்களுக்கும் கிடைப்பார்களா என்று நான் உறுதி சொல்ல முடியாது. கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிடைக்காவிட்டால், நாளைக்கு வேறு ஒருவனுக்கு நீங்கள் அப்படி இருந்துவிடுங்கள்.

அடுத்த வருடம் எனக்கு நாயப் சுபேதார் வந்தது. நட்சத்திரம் வைத்து முடித்து, அம்மாவிடம் பேசிய பிறகு, சின்னையாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வயலில் இருப்பார் என்று வைக்கப்போகும்போது எடுத்தார்.

"அண்ணே, அருளப்பன் பேசுறேன். வந்திருச்சு."

மறுமுனையில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பணியில் இருந்த நாட்களின் அதே கணீர்க் குரலில் சொன்னார்:

"ஜெய்ஹிந்த் சாப்!"

என் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கால்களைச் சேர்த்து நின்றேன்.

"ஜெய்ஹிந்த் சாப்," என்றேன்.